நீங்கள் புறப்படும் நேரத்தில் நான் எங்கே இருந்தேன்

வித்யா,

நீங்கள் காலி செய்துவிட்டுப் போன மாடியை நேற்று நானே பெருக்கித் துடைத்தேன். வேலைக்கு வரும் பெண் ஏற்கெனவே ஒரு முறை பெருக்கியிருந்தாள். அவள் பெருக்கினால் மூலைகள் அப்படியே இருக்கும் என்பது உனக்குத் தெரியும். கூடத்துச் சுவரில் தியா ஒட்டியிருந்த தமிழ்நாட்டு வரைபடத்தின் இடம் மட்டும் மற்ற சுவரைவிட வெளுப்பாகத் தெரிகிறது. நீங்கள் போய்வந்த ஊர்களின் மேலெல்லாம் உன் மகள் ஒட்டிவைத்தது என்னுடைய ஸ்டிக்கர் பொட்டுகளைத்தான். உன் அப்பா போன பிறகு பீரோவில் கிடந்த அட்டைகளை, விளையாட வைத்துக்கொள் என்று நான்தான் அவளிடம் கொடுத்தேன். ஏலகிரி, தரங்கம்பாடி, மேகமலை, ஒகேனக்கல் என்று என் நெற்றிக்கு வாங்கியவை ஊர் ஊராகப் போய் உட்கார்ந்தன. நான் திருமுல்லைவாயிலிலேயே இருந்தேன்.

இதை உன் கைப்பேசிக்கு அனுப்பியிருக்கலாம். அல்லது பஸ் பிடித்து கரையான்சாவடிக்கு வந்து, உன் புது வீட்டில் உட்கார்ந்து வாயால் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லத்தான் போன ஞாயிறு வந்தேன். உன் சமையலறை அலமாரியில் டப்பாக்கள் அளவு வரிசையில் இல்லை என்பதை மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வேலைக்காலம் முழுவதும் மேலதிகாரிகளின் கடிதங்களைத் தட்டச்சு செய்தவள் நான். எனக்குப் பேச்சைவிடக் கடிதம்தான் கைக்கு வரும். எல்லோரும் படிக்கும் பத்திரிகையில் ஏன் எழுதுகிறேன் என்று கேட்பாய். என்னைப் போலக் கதவுக்குப் பின்னால் நிற்கும் பெண்கள் இன்னும் சிலர் இருக்கலாம் என்பது ஒரு காரணம். அச்சில் வந்துவிட்டால் நான் பின்வாங்க முடியாது என்பதுதான் உண்மையான காரணம்.

வீடு மாறுவதற்கு முந்தின மாலை நீ கீழே இறங்கி வந்தாய். நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். எதிரில் உட்கார்ந்து நீயும் ஒரு கொத்தை எடுத்துக்கொண்டாய்.

"அம்மா, ஒண்ணு கேக்கவா? கோவப்படக்கூடாது."

"கேளு."

"அப்பா போனதுக்கப்புறம் நாங்க எத்தனையோ தடவ ஊருக்குப் போயிட்டோம். அந்த முதல் தடவையத் தவிர ஒரு தடவகூட நீ வாசலுக்கு வந்து டாட்டா சொன்னதில்ல. ஏம்மா?"

"குளிச்சிட்டு இருந்திருப்பேன்."

"எல்லாத் தடவையுமா?"

நான் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தேன். நீ குரலை உயர்த்தாமல் சொன்னாய்: "அப்பா இல்லாம நாங்க சந்தோஷமா ஊர் சுத்தறது உனக்கு உறுத்துது. சொல்லமாட்ட, ஆனா உறுத்துது. வீட்ட மாத்தறது உன் மாப்பிள்ளையோட ஆபீஸ் கிட்டன்னு சொன்னதெல்லாம் சும்மா. ஒவ்வொரு தடவையும் உன்ன மூஞ்சியத் தூக்கிவெச்சிக்க வெக்கறதுக்கு எனக்கு மனசு வரல."

"மாடிச் சாவிய ஆணில மாட்டிட்டுப் போ" என்றேன்.

அப்போது நான் சொன்னது அவ்வளவுதான். நீ ஆய்ந்த கீரையில் பழுப்பு இலைகள் கலந்திருந்தன. நீ போன பிறகு அதை மறுபடி ஆய்ந்தேன். இந்தக் கடிதம் நீ கேட்ட அந்த "ஏம்மா"வுக்கு நான் தரவேண்டிய பதில். நீயாக யூகித்துக்கொண்ட பதில் தவறு, வித்யா. அந்தத் தவறோடு நீ வேறொரு வீட்டில் வாழ்ந்துகொண்டிருக்கிறாய் என்ற நினைப்பு என்னை உட்காரவிடவில்லை.

நீ சொன்ன அந்த முதல் பயணம், ஏலகிரி. புது வண்டி வாங்கியிருந்தீர்கள். அப்பா இறந்து வருஷம் திரும்பியிருந்தது. விடிந்ததும் கிளம்ப வேண்டும் என்று சொல்லிவிட்டு, வெயில் ஏறின பிறகுதான் நீங்கள் பைகளையே இறக்கினீர்கள். அதற்கு நான் உங்களைக் கடிந்துகொண்டது உனக்கு நினைவிருக்கும். பிறகு கேட்டுக்கு நடுவில், வண்டிக்கு நேர் எதிரில் போய் நின்றேன். நம் வீட்டில் யார் ஊருக்குப் போனாலும் உன் அப்பா அங்கேதான் நிற்பார். அவர் இல்லாததால் அது என் வேலை என்று நினைத்தேன். தியா முன் கண்ணாடி வழியாக எனக்குக் கை காட்டினாள். எதிர்வீட்டுப் பச்சையம்மா டயர்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தாள். அவளைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: இந்தத் தெரு வயலாக இருந்தபோதே இங்கிருந்த குடும்பம். இன்றைக்குத் தெருவில் பாதி வீடுகள் அவர்களுடையவை, வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். உன்னைத் தூக்கி வளர்த்தவள். என்னை "ஆபீசரம்மா" என்று கேலியாகக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அதுவே எனக்குத் தெருவில் பெயராகிவிட்டது.

அவள் பழங்களை வைத்து முடித்து, என் பக்கத்தில் வந்து தோளைத் தொட்டாள். யாருக்கும் கேட்காத குரலில், "ஆபீசரம்மா, தப்பா நெனச்சிக்காத. நீ கொஞ்சம் உள்ள போய் நில்லு. நான் ஒரு கொடம் தண்ணி எடுத்துகினு எதிர்ல வரேன். கொயந்த போவுது பாரு, அதுக்குத்தான்" என்றாள்.

அவளுக்கு அப்போது கணவர் இருந்தார். எனக்கு இல்லை. பயணம் புறப்படுகிறவர்களுக்கு எதிரில் யார் வரலாம், யார் வரக்கூடாது என்பது அவள் பிறந்த நாளிலிருந்து அறிந்த விஷயம். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. சொல்லும்போது அவள் கண்கள்கூடக் கலங்கியிருந்தன.

எனக்கு அந்த இடத்தில் கோபம் வந்திருக்க வேண்டும். கான்வென்ட்டில் எங்கள் சிஸ்டர்கள், பூனை குறுக்கே போனால் அது எலியைத் தேடிப் போகிறது என்று சொல்லிச் சிரிக்கவைப்பார்கள். ஆபீசில் மற்றவர்கள் ராகு காலம் பார்த்துக் காத்திருக்கும்போது, வேண்டுமென்றே அந்த நேரத்தில் போய்ச் சம்பள உயர்வு கேட்டவள் நான். என் கல்யாணத்துக்கு ஜாதகம் பார்க்கக் கூடாது என்று என் அப்பாவிடம் சண்டை போட்டவள். அப்படிப்பட்டவள் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி உள்ளே போனேன். கதவுக்குப் பின்னால் நின்று உங்கள் வண்டி கிளம்பும் சத்தத்தைக் கேட்டேன். நீ சன்னலை இறக்கி, "அம்மா எங்க போனாங்க?" என்று கேட்டதும் கேட்டது.

அன்று மதியம் நீ போன் செய்தாய். வாலாஜாவைத் தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தியிருந்தபோது லாரி ஒன்று பின்னால் வந்து உங்கள் வண்டியை இடித்திருந்தது. தியாவுக்குப் புருவத்தில் தையல். வேறு யாருக்கும் ஒன்றுமில்லை. நீ அழுதுகொண்டே சொன்னாய். "பெல்ட் போட்டு உக்கார வெக்கலயா?" என்று கேட்டேன். பிறகு போனை வைத்துவிட்டுச் சமையலறைத் தரையில் உட்கார்ந்தேன். பச்சையம்மா என்னை உள்ளே அனுப்புவதற்கு முன்பே தியா என்னைப் பார்த்துவிட்டாள், எனக்குக் கை காட்டிவிட்டாள் என்பதைத் தவிர வேறெதையும் என்னால் நினைக்க முடியவில்லை. யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. பச்சையம்மாவே சொல்லவில்லை, மாலையில் வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "கண்ணு பட்டுச்சி, வேற ஒண்ணுமில்ல" என்றாள். சொல்லாமல் விட்டதை நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

அடுத்த முறை நீங்கள் கிளம்பும்போது நான் குளியலறையில் இருந்தேன். அதற்கடுத்த முறையும், அதற்கடுத்த முறையும். கதவைத் தாழிட்டு, குழாயைத் திறந்து வாளியில் தண்ணீர் விழவிட்டு, கட்டிய புடவையோடு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பேன். நீ கதவுக்கு வெளியே நின்று, "அம்மா, போயிட்டு வரோம்" என்பாய். "சரி, ஜாக்கிரதை" என்பேன். கேட் மூடும். வண்டி தெருமுனையில் திரும்பும்வரை காதைக் கொடுத்திருப்பேன். போய்ச் சேர்ந்தோம் என்று உன்னிடமிருந்து செய்தி வரும்வரை சாப்பிடமாட்டேன். என் முகம் எதிர்ப்பட்டால் கெடுதல் என்று நம்பினாயா என்று கேட்டால், இல்லை, நம்பவில்லை. நம்பியிருந்தால் உன்னிடம் சொல்லியிருப்பேன். நம்பிக்கை உள்ளவர்கள் வெளிப்படையாகத்தான் ஒதுங்கி நிற்கிறார்கள். நம்பாத ஒன்றுக்குப் பயந்துகொண்டிருக்கிறேன் என்று பெற்ற பெண்ணிடம் சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை.

இன்னொன்றும் உண்டு. சொன்னால் உனக்கு என் மேல் இரக்கம் வந்துவிடும் என்று பயந்தேன். இரக்கத்தைப் பற்றி நீயே ஒரு முறை எனக்குப் பேசி அனுப்பியிருக்கிறாய், அதனால் இதைச் சொல்கிறேன். ஒவ்வொரு ஊரிலிருந்தும் எனக்குக் குரல் பதிவு அனுப்புவாய். பின்னால் காற்று இரையும், தியா கத்துவாள், நடுவில் உன் குரல்: "அம்மா, கேக்குதா? நான் ஒண்ணு யோசிச்சிட்டே வந்தேன்." மேகமலைக்கு ஏறும்போது அனுப்பியதை நான் அழிக்கவில்லை. "வண்டில நாங்க ரெண்டு பேரும் தூங்கிட்டோம்மா. முழிச்சுப் பாத்தா அவர் ஹாரனே அடிக்காம ஓட்டிட்டு இருக்காரு. பின்னாடி லாரிக்காரன் திட்றான், முன்னாடி மாடு நிக்குது, மனுஷன் ஹாரன் அடிக்கல. கல்யாணமாகி இத்தன வருஷத்துல அவர் என்கிட்ட ஐ லவ் யூன்னு சொன்னது ரெண்டு மூணு தரம் இருக்கும். இனிமே சொல்லலன்னாலும் பரவால்ல." அதற்கு நான் என்ன பதில் அனுப்பினேன் தெரியுமா? "குழந்தைக்கு ஸ்வெட்டர் போட்டாயா" என்று.

தரங்கம்பாடியில் கடற்கரையில் சுண்டல் விற்ற ஒரு பெரியவரைப் பற்றிச் சொன்னாய். மிச்சம் இருந்ததை எல்லாம் பாவம் என்று வாங்கப் போனாயாம். அவர் தரமாட்டேன் என்றாராம். "அந்தக் கோடில எனக்குன்னு வர்ற பசங்க இருக்காங்க, அவங்களுக்கு வேணும்" என்றாராம். அன்று ராத்திரி நீ அனுப்பிய பதிவில், "பாவம்னு பாக்கறப்போ நான் அவர விட ஒரு படி மேல ஏறி நின்னுட்டேன்மா. அவர் என்னைக் கீழ இறக்கி விட்டுட்டாரு. நல்லதுதான்" என்றாய். நீ சொன்னது எனக்கு உடனே புரிந்தது. அந்த மேல்படியைப் பார்த்துத்தானே நான் கதவைத் தாழிட்டுக்கொண்டிருந்தேன். என் மகள் மேலே நின்று என்னைக் குனிந்து பார்க்கக் கூடாது. அந்த ஒரு நிமிஷத்தில் உன்னைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம். இந்த விஷயத்தில் நீ எவ்வளவு கவனமானவள் என்பதை நீயே சொல்லிக்கொண்டிருந்தாய். "கடற்கரைக் கடையில் எதுவும் வாங்கிச் சாப்பிடாதே" என்று எழுதி அனுப்பினேன்.

உன் பெண் வளர்ந்து உன்னிடம் இப்படி ஏதாவது பேச வரும்போது, வித்யா, அவள் சொன்னதற்குப் பதில் சொல். பிறகு ஸ்வெட்டரைப் பற்றிக் கேள். அவள் அந்த நினைப்பை வேறு யாரிடமாவது சொல்லியிருக்கலாம், உன்னிடம் கொண்டுவந்தாள். எனக்கு இது இப்போதுதான் புரிகிறது, இப்போது என் கைப்பேசிக்குப் பதிவு எதுவும் வருவதில்லை.

ஒவ்வொரு தடவையும் என்னைக் கூட வரச்சொல்லிக் கூப்பிட்டாய். வீட்டை யார் பார்த்துக்கொள்வது என்பேன். அதுவும் பொய்தான். இந்த வயதில் எனக்கு மணிக்கு ஒரு முறை ஒதுங்க வேண்டியிருக்கிறது. மருமகனிடம், மாப்பிள்ளை வண்டியை நிறுத்துங்கள் என்று நெடுஞ்சாலையில் கேட்டுக்கொண்டு போவதை நினைத்தாலே எனக்குக் கூசும். அவருக்கு இது எப்படித் தெரிந்ததோ, நீ சொன்னாயோ தெரியாது. மேகமலைக்குக் கிளம்பும் முன் என்னிடம் வந்து, "அத்தை, நீங்க வந்தா எனக்கும் வசதி. எனக்கு வண்டி ஓட்டறப்ப மணிக்கு ஒரு டீ குடிக்கணும். இவங்க நிறுத்த விடமாட்டேங்கறாங்க. நீங்க இருந்தா உங்களச் சாக்கா வெச்சு நிறுத்திப்பேன்" என்றார்.

"அவ்வளவு டீ உடம்புக்கு ஆகாது மாப்பிள்ளை" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

நீங்கள் கிளம்பிப் போன பிறகு, கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது, இத்தனை வருஷம் மாடியில் இருந்த மனிதர் டீ குடித்து நான் ஒரு முறைகூடப் பார்த்ததில்லை என்பது நினைவுக்கு வந்தது. காலையில் பால், மாலையில் பால். அதைத் தியா கேலி செய்வாள். அவர் எனக்காக ஒரு பழக்கத்தையே தன் மேல் போட்டுக்கொண்டு வந்து நின்றிருக்கிறார். நான் அவருக்கு ஆரோக்கியப் பாடம் எடுத்திருக்கிறேன். அவரிடம் இதை நான் இதுவரை சொல்லவில்லை. நீ இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டினால் சொன்ன மாதிரி ஆகும்.

கடைசியாக ஒகேனக்கல். அன்றைக்கு நடந்ததால்தான் நீ வீட்டை மாற்றினாய் என்று நினைக்கிறேன். வழக்கம்போல நான் உள்ளே இருந்தேன், தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. தியா கதவைத் தட்டினாள்.

"பாட்டி, நீ வெளிய வரவேணாம். கை மட்டும் நீட்டு. கைக்கு டாட்டா சொல்லிட்டுப் போறேன்."

"நேரமாச்சு, போம்மா."

"கை மட்டும் பாட்டி. நான் கண்ண மூடிக்கறேன்."

என்னால் அதற்கு மேல் மறுக்க முடியவில்லை. தாழை விலக்கி, கதவைக் கொஞ்சமாகத் திறந்து கையை நீட்டினேன். முகம் தெரியாதல்லவா, அதனால் பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டேன். அவள் என் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். பிறகு சிரித்தபடி, "அம்மா, பாட்டி கை ஈரமாவே இல்ல" என்றாள். நீ அவளுக்குப் பின்னால்தான் நின்றிருந்தாய். நான் கையை இழுத்துக்கொண்டேன். குழாய்ச் சத்தம் மட்டும் கேட்டது. நீ "போயிட்டு வரோம்" என்று சொல்லாமல் போனாய்.

அந்தப் பயணத்திலிருந்து ஒரு பதிவும் வரவில்லை. போய்ச் சேர்ந்தோம் என்ற ஒரு வரியை மாப்பிள்ளை அனுப்பியிருந்தார். நான் குளிக்கவில்லை என்பது உனக்குத் தெரிந்துவிட்டது. ஏன் உள்ளே இருக்கிறேன் என்பது மட்டும் தெரியவில்லை. பெற்ற தாய், தான் சிரித்துக்கொண்டு கிளம்பும் ஒவ்வொரு முறையும் முகத்தைக் காட்ட மனமில்லாமல் கதவை அடைத்துக்கொள்கிறாள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நீயும் அப்படித்தான் நினைத்தாய்.

நீங்கள் வீடு மாறிய அன்றாவது வெளியே வந்திருக்கலாம். கரையான்சாவடி என்ன வெளியூரா, பூந்தமல்லி ரோட்டில்தானே இருக்கிறது என்று காலையிலிருந்து எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். நல்ல புடவைகூடக் கட்டிக்கொண்டேன். ஆனால் புது வீட்டில் பால் காய்ச்சப் போகிறீர்கள், முதல் முதலாகக் கால் வைக்கப் போகிறீர்கள் என்று நினைத்ததும் கால் தானாகக் குளியலறைக்குப் போய்விட்டது. அன்று அந்த அமளியில் மோட்டார் போட மறந்திருந்தோம். குழாயில் தண்ணீர் வரவில்லை. சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தேன். பெட்டிகளை இறக்கும் ஆட்கள் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்வது கேட்டது. நீ கட்டிலின் காலைப் பார்த்து இறக்கச் சொல்வது கேட்டது. பிறகு கீழே வந்து கதவருகில் கொஞ்ச நேரம் நின்றாய். உன் கொலுசு அங்கே நின்றுபோனது எனக்குத் தெரியும். நீ தட்டவில்லை. நீ தட்டியிருந்தால் திறந்திருப்பேன் என்று இங்கே எழுத ஆசைதான். திறந்திருக்கமாட்டேன்.

ஒரு வாரம் கழித்து, காய்கறி வண்டி வந்தபோது நானும் பச்சையம்மாவும் அவள் வீட்டு வாசலில் நின்றிருந்தோம். போன வருஷம் அவள் கணவர் இறந்தது உனக்குத் தெரியும்; நீதான் மாலை வாங்கி வந்தாய். அவள் பேரன் வேலப்பன்சாவடி பக்கம் கல்லூரிக்குப் போகக் கிளம்பினான். வண்டியைக் கிளப்பிவிட்டு, இவள் வந்து எதிரில் நிற்கும்வரை ஆக்சிலரேட்டரை முறுக்கிக்கொண்டே இருந்தான். இவள் போய் அவன் சட்டைக் காலரைச் சரிசெய்து, "பொறுமையா ஓட்டுடா, பறக்காத" என்று அனுப்பிவிட்டு வந்து மறுபடி கத்தரிக்காயைப் பொறுக்கினாள். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"பச்சையம்மா, அன்னிக்கு வித்யா கார் எடுத்து முதல் தடவ கெளம்பறப்போ என்னை உள்ள போகச் சொன்னியே, ஞாபகம் இருக்கா?"

"நானா? உன்னாண்டயா?"

"எலுமிச்சம்பழம் வெச்சியே, அன்னிக்கு."

அவள் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள். "இருக்கும். அப்போ எனக்கு வாய் ஜாஸ்தி. அத்த ஏன் இப்போ கேக்கற?"

"இப்போ நீ எதிர்ல வரியே."

"வராம? நான் உள்ள குந்திகினா இவன் வண்டிய எடுப்பானா? போன வாரம் அசந்து தூங்கிட்டேன், எயுப்பிகினு வந்து வாசல்ல நிறுத்திட்டுதான் போனான். கடங்காரப் பையன்." சிரித்தவள், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "ஏன், நீ அப்பலேர்ந்து வெளிய வரலியா?"

நான் ஒரு கத்தரிக்காயை எடுத்துக் காம்பைத் திருப்பிப் பார்த்தேன்.

"அடிப்பாவி. ஆபீசுல எத்தினி பேர அதட்டிக்கீற. என்னைய ஒரு வார்த்த திட்டிட்டு அங்கியே நின்னுகினு இருக்கக் கூடாதா? நான் இன்னா, சண்டைக்கா வந்திருப்பேன்?" என்றாள். பிறகு கத்தரிக்காயைக் கூடையில் போட்டுவிட்டு, "பொண்ணு அதுக்குத்தான் ஊட்டக் காலி பண்ணிகினு பூட்ச்சா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

வருத்தப்பட்டு அவள் மன்னிப்புக் கேட்டிருந்தால், பழியை அவளிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்திருப்பேன். அவளுக்கு நினைவே இல்லை. அவள் ஒரே ஒரு காலையில் சொன்னதை, அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையிலும் எனக்குச் சொல்லிவந்தது நான்தான். அவள் குடும்பத்தில் பிள்ளைகள் அவளைப் பிடித்து இழுத்து வாசலில் நிறுத்தினார்கள், அவளும் நின்றாள். நீங்களும் என்னை இழுத்தீர்கள். தியா கையைப் பிடித்தே இழுத்தாள்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டதால் எனக்குப் பயம் போய்விட்டது என்று நினைக்காதே. போகவில்லை. இன்றைக்கும் நீ வண்டி எடுக்கிறாய் என்றால் போய்ச் சேர்ந்த செய்தி வரும்வரை எனக்குச் சோறு இறங்காது. ஆனால் என் பயத்தைக் காப்பாற்ற நான் கொடுத்தது உன்னை என்பது இப்போது தெரிகிறது. உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்குக் குறைவு. இருந்தாலும் ஒன்று சொல்கிறேன். வயதானவர்கள் பெருமையாகத் திரும்பிக்கொள்ளும்போது, அவர்களுக்கு உன்னைப் பிடிக்கவில்லை என்ற முடிவுக்கு உடனே போகாதே. தட்டு. அவர்கள் திறக்கவில்லையென்றால் இன்னொரு நாள் தட்டு. அப்படித் தட்டிக்கொண்டே இருந்து கை வலித்துப்போனவளிடம் இதைச் சொல்கிறேன் என்பது எனக்குத் தெரியும். இது உனக்கல்ல, உன் வயதான காலத்தில் கதவுக்கு வெளியே நிற்கப்போகும் தியாவுக்கு.

பள்ளி விடுமுறை விட்டதும் நீங்கள் கொடைக்கானல் போவதாகத் தியா போனில் சொன்னாள். உன் மாமியாரும் வருகிறாராம். அவருக்குச் சன்னல் இருக்கை என்று முடிவாகிவிட்டதாம். பிறகு நீ போனை வாங்கிப் பேசினாய். மருந்து சாப்பிட்டேனா என்று கேட்டாய், மின்சாரக் கட்டணத்தைப் பற்றிக் கேட்டாய். என்னை வரச்சொல்லிக் கேட்கவில்லை. நான் காத்திருந்தேன். நீ கூப்பிட்டு நான் மறுக்காத முதல் முறையாக அது இருந்திருக்கும். வண்டியில் இடமில்லை என்பதும் எனக்குத் தெரியும். உன்னைக் குறை சொல்லவில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். நீங்கள் புறப்படும் நேரத்தைச் சொல். முதல் பஸ்ஸில் வந்துவிடுகிறேன். உங்கள் குடியிருப்பின் கேட்டுக்கு வெளியே, வண்டி திரும்பும் இடத்தில், எல்லோர் கண்ணுக்கும் படும்படி நிற்பேன். உன் மாமியார் பழைய வழக்கம் பார்க்கிறவர். அவர் முகம் சுளிக்கலாம். ஒரு நிமிஷம் தள்ளி நிற்கச் சொல்லலாம். மாப்பிள்ளை சங்கடப்படலாம். காவலாளிகூட ஏதாவது சொல்லலாம். அப்போதும் அங்கேயே நிற்பேன். வேறு யார் சொன்னாலும் நகரமாட்டேன். நீ போகச் சொன்னால் மட்டும் போய்விடுகிறேன்.

அம்மா